வாப்பாவுக்கு மட்டும் செய்திகள்

"செய்திகள். வாசிப்பது ரோஷன் பேகம்."

டேப் ரெக்கார்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ரோஷனுக்குப் பெரிய மனுஷி தோரணை வந்துவிடும். வானொலியில் வருவது ஊருக்கெல்லாம் பொதுவான செய்தி. இது துபாயில் வேலை செய்யும் வாப்பாவுக்கு மட்டும். காரைக்காலிலிருந்து யாராவது அங்கே புறப்பட்டால் அவர் கையில் ஒரு கேசட்டும் போய்விடும்.

செய்தி வாசிப்பது ரோஷன். எதை வாசிக்கலாம் என்று முடிவு செய்வது உம்மா.

"அடுப்படியில மழை ஒழுகினதைச் சொல்லட்டுமா?"

"அதை விடு."

"தம்பிக்குக் காய்ச்சல் வந்தது?"

"அதுவும் வேணாம். கண்காணாத ஊர்ல இருக்காங்க. கவலைப்பட்டா யாரு தேத்துறது?"

இப்படி விட்டு விட்டுக் கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான். எல்லோரும் நலம். காரைக்கால்மேட்டிலிருந்து நல்ல மீன் வருகிறது. ரோஷன் நன்றாகப் படிக்கிறாள். போன கேசட்டிலும் இதேதான், அதற்கு முந்தியதிலும் இதேதான். மீன்கூட மாறவில்லை.

வாப்பாவின் பதில் கேசட் வந்தது.

"எல்லாம் நல்லா இருக்குன்னு கேட்டு மனசு நிறைஞ்சுது. நான் இல்லாமலே வீடு நல்லா நடக்குது. முதலாளி இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாரு. இருந்துட்டே வந்துடலாம்னு பாக்குறேன்."

உம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கே அடுப்பு எரியவில்லை, வேலையும் இல்லை. சும்மா நின்றுகொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு வருஷமா? வாப்பாவின் சட்டை வாசனையே அவளுக்கு மறந்துகொண்டு வந்தது. நலம், நலம் என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால் வாப்பா எதற்காக வருவார்?

மறுவாரம் பக்கத்துத் தெரு சேக் அலாவுதீன் மாமா துபாய்க்குக் கிளம்ப இருந்தார். ரோஷன் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மா, இந்த ஒரு தடவை உள்ளதைச் சொல்றேன்."

"அவங்க கவலைப்படுவாங்க புள்ளே."

"படட்டும். நாம அவங்களத் தேடுறது அவங்களுக்கும் தெரியணுமில்ல?"

உம்மா கையை விடுவித்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தார். ரோஷன் பொத்தானை அழுத்தினாள்.

"செய்திகள். அடுப்படியில் மழை ஒழுகியது. ஒரு சொட்டு சரியாக உம்மாவின் உச்சந்தலையில் விழுந்தது. தம்பிக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. பெட்டியோடு யார் வந்தாலும் தம்பி 'வாப்பா' என்று ஓடுகிறான். நேற்று, பயணத்துக்குப் பெட்டி வாங்கி வந்த அலாவுதீன் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டான். மாமா நகர முடியாமல் தவித்துப்போனார். இடியாப்பம் அவித்தால் உம்மா உங்கள் தட்டையும் சேர்த்து எடுத்து வைக்கிறார். பிறகு யாரும் பார்ப்பதற்குள் அதை உள்ளே வைத்துவிடுகிறார். நான் பார்த்துவிட்டேன்."

பின்னால் விசும்பல் கேட்டது. ரோஷன் திரும்பிப் பார்த்தாள். வானொலிக் குரல் எங்கோ போய்விட்டது.

"வாப்பா, உம்மா அழுவுறாங்க. இது பழைய செய்தி இல்ல. இப்ப நடக்குது."

"அடி கழுதை!" என்று உம்மா அழுதுகொண்டே சிரித்தார். அதுவும் பதிவாகிவிட்டது.

பிறகு நாட்கள் நகரவே இல்லை. வாப்பா கோபித்துக்கொண்டாரோ என்று ரோஷனுக்குப் பயமாக இருந்தது. ஒருவழியாக ஒரு மாலை கேசட் வந்து சேர்ந்தது. முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ரோஷன், இத்தனை நாளு நீ வாசிச்சது யாரு வீட்டுச் செய்தியோ மாதிரி இருந்துச்சும்மா. இதுதான் நம்ம வீடு. நானும் இங்க நல்லா இருக்கேன்னு சும்மாதான் சொல்லிட்டிருந்தேன். சோறு எறங்கல. முதலாளிகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன். நோன்புப் பெருநாளைக்கு வந்துடுறேன்."

ரோஷன் தம்பியைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். எதிர்வீட்டுக்குக்கூடக் கேட்காதபடி மெல்ல வைத்தே கேசட் கேட்கும் உம்மா, தானே கை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார்.

"திரும்பப் போடு புள்ளே. தெருவுக்கே கேக்கட்டும்!"