உள்ளே ஆள் இல்லை, சரி

எல்லாரும் "சரி" சொல்லி முடித்த பிறகு இன்னொரு "சரி" கேட்டது.

ஜப்பானின் அகிதாவில் இருந்த அந்தத் தொழிற்கல்விப் பள்ளியில் எந்த எந்திரத்தை இயக்கும் முன்னும் ஒருவர் விரலை நீட்டிக் காட்டி "உள்ளே ஆள் இல்லை" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பார்த்துவிட்டு "சரி" என்பார்கள். சொல்லிச் சொல்லி சயோரிக்கு அது தும்மல் மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் அடுப்பை அணைத்தால்கூட விரல் தானாக நீளும், அம்மா கேலி செய்வாள்.

"யாருப்பா அது, பஸ்ஸ விட்டவன் மாதிரி கடைசியில வர்றது?" என்றார் ஆசிரியர் இனுகாய் சென்செய். வகுப்பே சிரித்தது. சயோரிக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி வரிசையில் நின்றிருந்தவள் அவள்தான். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. மரக் கிடங்கின் கதவு மட்டும் இருந்தது, அதில் பூட்டு தொங்கியது.

காது கோளாறு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாள் ரோபோ போட்டி, வேலை தலைக்கு மேல் கிடந்தது. பள்ளி விட்டதும் அவளும் வகுப்புத் தோழன் தொகாஷியும் பட்டறையிலேயே தங்கினார்கள். ரோபோவின் மரச் சக்கரங்களில் ஒன்று இன்னும் பாக்கி. அதை அறுத்துக் கொடுப்பது கம்பிக்கூண்டுக்குள் நிற்கும் பெரிய எந்திரக் கை. ஆளைவிட உயரமானது, நுனியில் ரம்பத் தட்டு. கூண்டுக் கதவைத் திறந்தால் தானாக நின்றுவிடும் அமைப்பு அதில் பழுதாகிக் கிடந்தது. விரல் நீட்டிச் சொல்வதை விட்டால் வேறு காவல் கிடையாது.

பாதியில் ஒரு மரச்சில்லு சிக்கி எந்திரக் கை நின்றது. அந்த நேரம் பார்த்து இனுகாய் சென்செய்க்குத் தொலைபேசி வந்தது.

"நான் வர்ற வரைக்கும் பொத்தானைத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு, கூண்டுக்கு வெளியே இருந்த இயக்குப் பலகையில் சாவியை அப்படியே விட்டுப் போனார்.

"அவரு போன எடுத்தா நூடுல்ஸ் ஊறிப்போய் ஆறியும் போயிடும்" என்றான் தொகாஷி. "நான் உள்ள போய் சில்ல எடுத்துடறேன். நீ சாவிய பிடிச்சுக்க, சயோ."

"வேணாம்டா. அவர் வரட்டும்."

"பயந்தாங்கொள்ளி. நீ அங்க நிக்கறப்போ எனக்கென்ன ஆகப் போகுது?"

காதடைப்பானை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, எந்திரக் கையின் அடிப்பகுதிக்குப் பின்னால் குனிந்தான். அவன் பூட்ஸ் மட்டும்தான் வெளியே தெரிந்தது. வசந்தத்தில் அவன் கோயில் கட்டும் தச்சர்களிடம் வேலைக்குச் சேர்கிறான். நேர்காணலுக்குப் போனபோது அவர்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லையாம், கையைக் காட்டு என்றார்களாம். அதைச் சொல்லி அவன் சிரித்தபோது சயோரி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை அவளுக்குப் பிடிக்கும். இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

வெளியே நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. கூரையிலிருந்து பனி பாளமாகச் சரிந்து பொத்தென்று விழும் சத்தமும், மண்ணெண்ணெய் அடுப்பின் மெல்லிய உறுமலும், நெடுநேரம் அறுத்த தேவதாருத் தூளின் ஈரமான இனிப்பு வாசனையும் பட்டறையை நிறைத்திருந்தன. பிறகு அடுப்பின் உறுமல் அடங்கியது, எண்ணெய் தீர்ந்திருக்க வேண்டும். தேவதாரு வாசனை மட்டும் கூடிக்கொண்டே போனது. கிடங்குக் கதவுக்குக் கீழே இருந்த இடுக்கிலிருந்துதான் அது வந்தது.

கூண்டுக்குள் பூட்ஸைக் காணவில்லை. சில்லை எடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டான் போலிருக்கிறது. பழக்கத்தில் விரல் தானாக நீண்டது.

"உள்ளே ஆள் இல்லை."

"சரி."

பெருவிரலும் தானாகப் பொத்தானைத் தொட்டது. அழுத்தும் முன் நிறுத்தினாள். தொகாஷி அப்படிச் சொல்ல மாட்டான். "சரீயோ" என்று காய்கறிக்காரன் கூவுவது போல இழுப்பான், அதற்காகத் தினமும் திட்டு வாங்குவான். இது தட்டையாக, ஏற்ற இறக்கமே இல்லாமல் வந்த குரல்.

கூண்டைச் சுற்றி ஓடிப்போய்ப் பார்த்தாள். உள்ளேதான் இருந்தான். ரம்பத்தின் பற்களுக்கு நடுவே இரண்டு கைகளும்.

கம்பியைப் பிடித்து உலுக்கினாள். அவன் காதடைப்பானை நகர்த்தினான். "என்னா? கூப்பிட்டியா?"

"இப்ப... பதில் சொன்னியா நீ?"

"எனக்கு எதுவும் கேக்கலயே. ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"வெளிய வா. கெஞ்சிக் கேக்கறேன்டா, வந்துடு."

"சரி தாயே, வரேன்."

 இயக்குப் பலகைக்குத் திரும்பி வந்து இரண்டு கையாலும் சாவியைப் பற்றிக்கொண்டாள். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால்... கண்களை மூடி அழுதாள். கூண்டுக் கதவு கிரீச்சிட்டது. காலடிகள் வந்தன. அவள் தோளை ஒட்டி நின்றன.

"வந்தாச்சு" என்றது குரல்.

"இனிமே இப்படிப் பண்ணாதடா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சாவியை எடுத்துவிடலாம் என்று திருப்பினாள். திரும்பவில்லை. அவள் விரல்களின் மேல் விரல்கள் இருந்தன. தேவதாரு வாசனை. பனிபோலக் குளிர்ச்சி.

"சயோ" என்று தொகாஷி கூப்பிட்டான்.

கூண்டுக்குள்ளிருந்து.

"இன்னும் ஒரே ஒரு சில்லு. கைய விட்டா எடுத்துடலாம். ரெண்டு நிமிஷம் பொறு, என்ன?"

அவள் பக்கத்தில் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கழுத்து அசையவில்லை. கத்த வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை. கூண்டுக்குள் தொகாஷி நிமிர்ந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்குப் பக்கத்தில் பார்த்தான். சிரிப்பு நின்றது.

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. ஒற்றை விரல் நேராக அவனைக் காட்டியது.

"உள்ளே ஆள் இல்லை."

பூட்டிய கிடங்குக் கதவுக்குப் பின்னால், ஒரு வகுப்பே சேர்ந்து சொன்னது.

"சரி."

அவள் பெருவிரலை ஏதோ பொத்தான் மேல் அழுத்தியது. பச்சை விளக்கு எரிந்தது. குனிந்திருந்த எந்திரக் கை மெல்ல நிமிர்ந்தது.