வண்டியா, வீடா?

அன்று காலை திறந்து கிடந்தது தெற்குக் கேட்டா, கிழக்குக் கேட்டா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே இருந்த நான்கு பேரும் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். அன்று மாடு ஏற்ற வந்த லாரிக்காரர் சொல்வதில் மசாலா கொஞ்சம் தூக்கல். ஆனால் பண்ணை மாடுகள் பாதி ரோட்டில் நின்றன என்பதிலும், பழி யார் தலையில் விழுந்தது என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"அத்தை! உங்களுக்குன்னு இருக்கிறது ஒரே ஒரு வேலை. மாமா எழுந்து போய்க் கேட்டைத் திறந்து விடாம பார்த்துக்கறது. அதுவும் முடியலேன்னா எப்படி?"

சமையலறை வாசலில் மருமகள் மூச்சு வாங்க நின்றாள். மாடுகளைத் திருப்ப ஓடியதில் அவள் முழங்கால் வரை சேறு.

"பால் பொங்கிடுச்சும்மா... அடுப்பை அணைக்கத்தான் திரும்பினேன். திரும்பிப் பார்த்தா நாற்காலி காலி..."

"இப்படித்தான் போன வாரமும் சொன்னீங்க!"

எழுபத்து நாலு வயதில் மாமியாரின் கைகள் மட்டும் சும்மா இருக்கத் தெரியாமல் துடைத்த மேடையையே திரும்பத் திரும்பத் துடைத்தன.

அவள் கணவர் பட்டாளத்தார் இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொல்வதே தப்பு. எழுந்தார், உட்கார்ந்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடியும் எழுந்தார். பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போய், ஒன்பது வருடம் கழித்து முழங்காலில் இரும்புத் துண்டோடு திரும்பியவர். கல்லும் முள்ளுமாகக் கிடந்த இந்த மேட்டை அவரும் அவளுமாகத்தான் திருத்தினார்கள். அவர் குழி தோண்ட, அவள் கம்பம் பிடிக்க, சுற்றிலும் வேலி எழுந்தது. இரண்டு பசுவில் தொடங்கி இருநூறு தலை வரை வளர்த்த கை அது. இப்போது எண்பத்தொன்று. ஒரு வருடமாக ஞாபகம் கரையோர மண் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது.

மகன் உள்ளே வந்தான். தாயைப் பார்க்கவில்லை. மனைவியிடம் சொன்னான்:

"அவங்ககிட்ட சொல்லிடு. இனிமே அப்பாவை நாம பார்த்துக்கலாம். ஞாயித்துக்கிழமை அவங்களை அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன். பெட்டியைக் கட்டச் சொல்லு."

'அவங்க' எட்டடி தூரத்தில்தான் நின்றாள்.

இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டில் இப்படித்தான். உப்பு வேண்டுமென்றாலும் "அவங்ககிட்ட கேளு". காய்ச்சலில் கிடந்தபோது கூட மகன் அவள் கையால் தண்ணீர் வாங்கவில்லை. அவளும் சொல்லவேண்டியதை எல்லாம் அவனுடைய வலது பக்கமாக நின்றே சொல்லிக்கொண்டிருந்தாள், காற்றுக்குச் சொல்வது போல. ஏனென்றால் அவனுக்கு இடது காது கேட்காது.

ஏழு வயதில் ஒரு கிடாரி முட்டித் தள்ளியதில் போன காது. 'அப்பாகிட்ட சொல்லாதேம்மா, என்னைக் குதிரை ஏற விடமாட்டார்' என்று அழுதான். சொல்லவில்லை. வளர்ந்ததும் அப்பாவைப் போலப் பட்டாளத்துக்குப் போகத் துடித்தான். காதுச் சோதனையில் தலையைச் சாமர்த்தியமாகத் திருப்பித் தேறியும் விட்டான். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஒரு மொட்டைக் கடுதாசி பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. மறு சோதனை. தள்ளிவிட்டார்கள்.

'உன் ஒருத்திக்குத்தான் தெரியும்... நீயா எழுதினே?' என்று மகன் கேட்டான். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலை குனிந்து ஒரு கயிற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு எப்போதோ அவிழ்ந்திருந்தது, விரல்கள் நிற்கவில்லை.

'ஆமா. நான்தான்' என்றாள்.

இப்போது பெட்டிக்குள் புடவைகளை அடுக்கும்போது பிரிவு அவளை அவ்வளவு உறுத்தவில்லை. உறுத்தியது வேறு. உண்மை தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவர் மறந்துகொண்டிருக்கிறார். முழுக்க மறந்துவிட்டால்...? அப்புறம் அவளே வாய் திறந்தாலும், அது கிழவி கட்டிய கதை. செத்தாலும் இந்தப் பழியோடுதான். மூன்று முறை பெட்டியை அடுக்கினாள்; மூன்று முறையும் கலைத்தாள்.

வெளியே லாரியின் ஹாரன் கேட்டது.

சந்தைக்கு மாடு ஏற்றும் நாள். மரச்சட்டம் அடித்த குறுகிய சந்தில் மகன் மாடுகளை ஒவ்வொன்றாக ஓட்டிவருவான். சந்து முடியும் இடத்தில் இரண்டு பக்கமும் ஆடும் ஒரு கேட். இப்படித் தள்ளினால் மாடு லாரிக்கு, அது 'வண்டி'; அப்படித் தள்ளினால் கொட்டிலுக்கு, அது 'வீடு'. நொண்டியோ, கண் பழுதோ, எந்தக் குறையிருந்தாலும் லாரியில் ஏற்றக் கூடாது. நெரிசலில் மிதிபட்டுச் செத்துவிடும். அந்தக் கேட்டைப் பிடிப்பது எப்போதும் பட்டாளத்தார்தான். மனைவி பேரை மறந்தவர் இதை மறக்கவில்லை. அவர் நிலைகொண்டு நிற்கும் ஒரே இடம் அதுதான் என்பதால் மகனும் தடுப்பதில்லை.

வெயில் ஏறியதும் அவருடைய தொப்பியை எடுத்துக்கொண்டு அவள் வேலியோரம் போய் நின்றாள்.

"வண்டி!... வண்டி!... வீடு!"

கடைசிக் காளையும் போயிற்று. பின்னாலேயே, கையில் குச்சியோடு, மகன் சந்துக்குள் நடந்து வந்தான்.

பட்டாளத்தார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். படாரென்று கேட்டைக் குறுக்கே அறைந்தார்.

"நில்லு!"

"அப்பா, நான்தான். மாடு முடிஞ்சுது."

அவர் காதில் விழவில்லை. காக்கிச் சட்டையோடு நின்ற லாரிக்காரர் பக்கம் திரும்பினார். குதிகால்கள் ஒட்டின. கை நெற்றிக்குப் போயிற்று.

"ஐயா! இவன் வண்டிக்கு இல்ல."

லாரிக்காரர் சிரித்தார். "அதுசரி பெரியவரே, இவ்வளவு பெரிய காளையை ஏத்த என்கிட்டயும் இடமில்ல."

"இடது காது கேக்காது ஐயா. சோதனையில உங்களை ஏமாத்திட்டான். அந்த லெட்டர்... பேர் போடாம எழுதினது நான்தான்."

மகன் கையிலிருந்த குச்சி விழுந்தது.

"உங்களுக்கு... உங்களுக்கு யார் சொன்னது? அம்மாவா?"

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சொல். வேலிச் சட்டத்தை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அவளா? அவ வாயைத் திறக்கமாட்டா, கல்லு. நானாத்தான் கண்டுபிடிச்சேன். குதிரை மேல போய்க்கிட்டிருந்தான், மேட்டுலேருந்து சீட்டி அடிச்சேன் ஐயா, அவன் இடது பக்கமா. குதிரை திரும்பிச்சு... பையன் திரும்பல." "பட்டாளத்துல என் பக்கத்துல ஒருத்தன் இருந்தான். குண்டுச் சத்தத்துல காது போனவன். படுடா, படுடான்னு கத்தினேன்... அவனுக்குக் கேக்கல. என் பையனை அனுப்ப முடியாது ஐயா! அந்தப் பழியை அவ வாங்கிக்கிட்டா. நான் வாங்கிக்கச் சொல்லல..." நெற்றியிலிருந்த கை இறங்கியது. "வேண்டாம்னும் சொல்லல."

அவள் ஓடிவந்தாள்.

"என்னங்க, போதும் வாங்க... டேய், அவர் ஏதோ உளறுறார். நீ போய் வேலையைப் பாரு!"

"உளறலம்மா." அவன் முகம் வெளுத்திருந்தது. "ஏம்மா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா? அவர்தான் உனக்குச் சாமி. அவரும் இல்லேன்னா நீ வீட்டை விட்டே போயிருப்பே. என்னை வெறுத்துக்கிட்டாவது இங்கேயே இருந்தேல்ல... அது போதும்னு நினைச்சேன்." சட்டென்று அவள் உடைந்தாள். சட்டங்களுக்கு இடையே கையை விட்டு அவன் மார்பில் அறைந்தாள். "போதலடா! இருபத்திரண்டு வருஷம்! ஒரு வாய்த் தண்ணி... என் கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கினியாடா நீ?"

அடித்த கையை அவன் விடவில்லை. அந்த உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நாற்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை, தேம்பித் தேம்பி அழுதான். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பட்டாளத்தார் மட்டும் விறைப்பாக, உத்தரவுக்குக் காத்திருந்தார்.

லாரிக்காரர் தொண்டையைச் செருமினார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார்.

"சரிங்க. இவர் இங்கேயே இருக்கட்டும்."

பெரியவரின் தோள்கள் தளர்ந்தன.

"வீடு!" என்று சொல்லிக் கேட்டைத் தள்ளிவிட்டார்.

மகள் வீட்டுக்கு அவள் போகவில்லை. மருமகள் மன்னிப்பு கேட்க மூன்று நாள் ஆயிற்று. கேட்டபோது மாமியாரைவிட அதிகம் அழுதது மருமகள்தான். மகனுக்கு அப்பாவின் மீது கோபம் தீர மாதங்கள் பிடித்தன. கோபித்துக்கொண்டதே அவருக்குத் தெரியாது. 'எந்த லெட்டர்?' என்றுதான் கேட்டார். அடுத்த வருடம் தூக்கத்திலேயே போய்விட்டார். லாரிக்காரர் தொழிலை விட்டுவிட்டு மரக்கடை வைத்திருக்கிறார். மகன் பண்ணையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டான். அவளுக்கு இப்போது எழுபத்தொன்பது. போன மாதம் கண் ஆபரேஷன் நடந்தது. சொட்டு மருந்தை மகன்தான் விடுகிறான், ஒரு நாளைக்கு நாலு தடவை.