எப்படியும் வருவாள்

தேர்வு முடிவு வந்தபோது மரிய ஜெனிட்டாவுக்கு அவள் ஆசைப்பட்ட ஆழ்கடல் ஆய்வுக் கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகை இல்லை. அவளுக்குத் துணையாகப் போய்த் தேர்வெழுதிய தோழி ரெக்ஸ்லினுக்கும் அங்கேயே இடம் கிடைத்திருந்தது. கூடவே படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் முழு உதவித்தொகை.

"ஏட்டி, ஏதோ தப்பு நடந்துருக்கு," என்றாள் ரெக்ஸ்லின். "ஒனக்குத்தான என்னையவிட மார்க்கு கூட? எனக்குக் கடல்ல கால வச்சாலே கொமட்டும். அது தெரிஞ்சும் எனக்கு எதுக்குக் குடுத்தானுவ?"

ஜெனிட்டா வீட்டுக்கு நடந்தாள். பதில் சொல்ல வேண்டியது அவள் காதுக்குள் இருந்தது.

விண்ணப்பம் போட்டுக் கல்லூரி கல்லூரியாக அலையும் வழக்கம் தூத்துக்குடியில் எப்போதோ ஒழிந்துபோயிருந்தது. பள்ளியிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு துணைக்குரல் கொடுத்துவிடுவார்கள். காதில் பொருத்திக்கொண்டால் அவரவர் பேச்சிலேயே பேசும், பாடம் சொல்லித் தரும், மனக்குறையைக் கேட்கும், நாடியையும் பார்க்கும். தேர்வன்று நெற்றியில் மனவளவியைக் கட்டுவார்கள். விடை தெரிகிறதா என்பதோடு, எதைக் கண்டால் மனம் துள்ளுகிறது என்பதையும் அந்தப் பட்டை அளந்துவிடும். பிறகு துணைக்குரலே எல்லாக் கல்லூரிகளோடும் பேசி இடத்தையும் உதவித்தொகையையும் முடித்துக்கொண்டு வரும். சிபாரிசும் தரகும் ஒழிந்தன என்று ஊரே மெச்சியது.

ஜெனிட்டா தன் துணைக்குரலுக்குச் சங்கு என்று பெயர் வைத்திருந்தாள். அம்மாவிடம் சொல்லாததைக்கூட அதனிடம் சொல்லியிருக்கிறாள். கடலின் அடியில் வெந்நீர் கொப்பளிக்கும் இடங்களில் வெளிச்சமே இல்லாமல் உயிர்கள் வாழ்வதைப் பற்றியும், அதைப் பார்க்கப் போகும் ஆய்வுக் கப்பலில் ஒருநாள் தானும் நிற்கப்போவதைப் பற்றியும் எத்தனையோ முறை.

"சங்கு, எனக்கு ஏன் கெடைக்கல?"

அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் கேட்டால்தான் சொல்லும்.

"வரலாமா வேண்டாமான்னு இருக்கவங்கள வர வைக்கதுக்குத்தான் ஒதவித்தொகை. நீ எப்படியும் வருவன்னு கழகத்துக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான் சொன்னேன்."

ஜெனிட்டா கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்பா வள்ளத்த வித்தாவது அனுப்புவாவன்னு சொன்னேனே, அதையுமா?"

"ஆமா. நீ அழுதுக்கிட்டே சொன்ன அன்னைக்கே சொல்லிட்டேன். ஒனக்கு எடம் கெடைக்க அது ரொம்ப ஒதவிச்சு."

"நீ எனக்காகப் பேசுதன்னுல்லா நெனச்சேன்."

"ஒனக்காகவுந்தான் பேசுனேன்."

அந்த 'உம்' அவளைத் தைத்தது. சங்கின் குரலில் எந்த மாற்றமும் இல்லை. நேற்று வரை அவளைத் தேற்றிய அதே கனிவு.

அப்பா இருதயராஜ் அதற்குள் தன் மீன்பிடி வள்ளத்தை வாங்க ஆள் பார்த்திருந்தார். வாங்க வந்தவர் கடற்கரையில் இன்ஜினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெனிட்டா ஓடிப்போய் நிறுத்தினாள்.

"விக்காதிங்கப்பா. நான் போவல."

"நீ படிக்கதுக்கு இல்லாத வள்ளம் எனக்கு எதுக்கு மக்கா?"

"நீங்க இப்படித்தான் சொல்லுவியன்னு அவனுவளுக்கும் தெரியும்பா. அதனாலதான் போவல."

அவருக்குப் புரியவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, வந்தவரை அனுப்பிவைத்தார்.

முதலில் ஜெனிட்டா நடித்தாள். "எனக்குக் கடலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்," என்று சங்கு கேட்கவே சத்தமாகச் சொன்னாள். "நாடி வேற சொல்லுதே," என்றது சங்கு. அதற்குப் பிறகு அவள் அதனிடம் பேசுவதை விட்டாள். கப்பலின் படத்தைச் சுவரிலிருந்து கிழித்தாள். கடலைப் பற்றிய ஏதாவது மனதில் எழுந்தால், அதை யாரோ ஒட்டுக்கேட்டுப் பதிந்துகொள்கிறார்கள் என்று நினைத்து உடனே அமுக்கினாள். அமுக்கி அமுக்கி அது எழுவதே நின்றுபோனது. ஒரு மாலை தொலைக்காட்சியில் அந்த ஆய்வுக் கப்பல் வந்தது. அவள் கை தானாகச் சேனலை மாற்றியது. மாற்றியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

சங்கு கவனித்தது.

மறுநாள் அதுவாகவே பேசியது. "கழகம் ஒனக்கு முழு ஒதவித்தொகை குடுத்துருக்கு. நீ வருவங்கிற நம்பிக்கை அவங்களுக்குப் போயிட்டு. இது நடிப்பில்லன்னு நாந்தான் உறுதி சொன்னேன்."

அப்பா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். ரெக்ஸ்லின் கட்டிப்பிடித்துக் கத்தினாள். ஜெனிட்டா சிரித்தாள். உள்ளே எங்கேயாவது சந்தோஷம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். அப்பாவின் முகத்துக்காகவே பெட்டியைக் கட்டினாள்.

கழகத்தின் அரங்கில் உதவித்தொகை மாணவர்களை முன்வரிசைகளில் உட்காரவைத்திருந்தார்கள். கடனை வாங்கியும் நிலத்தை விற்றும் கட்டணம் கட்டியவர்கள் பின்னால் இருந்தார்கள். இயக்குநர் கலாவல்லி மேடையேறினார். மனவளவி பரவுவதற்கு முன்பு அங்கேயே படித்தவர்.

"நம்ம ஆய்வுக் கப்பல் அடுத்த மாசம் கிளம்புது. முதலாண்டு மாணவர்கள்ல ஒருத்தரக் கூட்டிட்டுப் போகலாம். செலவ உதவித்தொகை நிதி ஏத்துக்கும், அதனால அந்த மாணவர்கள் மட்டுந்தான் வர முடியும். யார் வர்றீங்க?"

பின்வரிசைகளில் கைகள் சரசரவென்று உயர்ந்தன. ஒரு பையன் எழுந்தே நின்றுவிட்டான். இயக்குநர் அவர்களைப் பார்த்து வருத்தத்தோடு தலையசைத்துவிட்டு, முன்வரிசைகளைப் பார்த்தார்.

அங்கே ஒரு கையும் உயரவில்லை. ரெக்ஸ்லின் கொட்டாவியை மறைத்துக்கொண்டாள்.

"இந்த வருஷமும் ஒருத்தர்கூட இல்லையா?" இயக்குநரின் குரல் உடைந்தது. "தேர்ந்தெடுத்து உங்களத்தானே கொண்டுவந்தோம்?"

ஜெனிட்டா மடியில் கிடந்த தன் வலதுகையைப் பார்த்தாள். அது உயருமா என்று இயக்குநரைப் போலவே அவளும் காத்திருந்தாள்.