ஆணியில் தொங்கிய கம்பளிக் கையுறை

கேர்ன்கார்ம் மலையடியில் இருந்த கல் குடிசைக்கு இஷ்பெலும் அவள் தம்பி ஸ்ட்ருவனும் வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. உள்ளே மண்ணெண்ணெய் வாடை, நனைந்த கம்பளி வாடை.

இஷ்பெல் பையைக் கவிழ்த்தாள். நடப்பதற்கு மெல்லிய கையுறை, ஏறுவதற்கு ரப்பர் பிடி வைத்தது. இரண்டுமே வழியில் சொதசொதவென்று நனைந்திருந்தன. நான்கு விரலும் ஒன்றாக ஒடுங்கும் தடித்த உறையை, அசடு, காரிலேயே விட்டுவிட்டாள்.

"பனிக்கோடரிய மறந்தாலும் அத மறக்கலாமாக்கா? இந்த லட்சணத்துல நீதான் முன்னால ஏறப்போறியா?"

"வாயை மூடிட்டு டீயக் குடிடா."

கதவருகே ஆணியில் ஒரு ஜோடி சாம்பல் நிறக் கம்பளி உறை தொங்கியது. மலையில் கண்டெடுத்த கையுறையை அங்கே மாட்டிவிட்டுப் போவார்கள். தொலைத்தவன் வந்து எடுத்துக்கொள்வான். வேறு யாரும் தொடுவதில்லை.

"வச்சிடுக்கா. யாரோடதோ."

"நான் என்ன தின்னுடவா போறேன்? சாயங்காலம் மாட்டிடறேன்."

உறைக்குள் கதகதப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றியது போல. அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது, பாவம்.

நண்பகல். பாறையின் மேல்திட்டில் உட்கார்ந்து இஷ்பெல் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். கீழே, பனிப்புயலுக்குள், ஸ்ட்ருவன் ஏறிக்கொண்டிருந்தான்.

கயிறு வெடுக்கென்று இழுத்தது.

வழுக்கிவிட்டான். அந்தரத்தில் தொங்குகிறான். கயிறு அவள் இடுப்பு வளையத்துக்குள் நுழைந்து வலக்கைப் பிடியில் நின்றது. அந்தக் கை திறந்தால் தம்பி போய்விடுவான்.

"விட்டுடாதக்கா!"

"மாட்டேன்டா! பாறையைப் பிடிச்சுத் தொத்திக்கோ!"

பத்து நிமிடம் ஆயிற்று. தோள் கழன்றுவிடும் போல வலித்தது. கடவுளே, இவன் ஒருத்தன்தான் எனக்கு இருக்கிறான் என்று வாய்விட்டு அழுதாள்.

திட்டின் விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. உடம்பெல்லாம் பனி அப்பியிருந்தது. தவழ்ந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வந்துட்டேன்க்கா. கயிற விடு."

"வந்துட்டியாடா, என் ராசா!"

தேம்பியபடியே சிரித்தாள். பிடியைத் தளர்த்தப் போனாள்.

கயிற்றின் கனம் குறையவில்லை.

அவன் கைகளைப் பார்த்தாள். வெறும் கைகள். மணிக்கட்டு வரை, பனியில் விறைத்துச் செத்த சதையாய், கறுத்திருந்தன.

கீழேயிருந்து தம்பியின் குரல் வந்தது.

"அக்கா! யார்கிட்ட பேசிட்டிருக்கே?"

இடக்கை உறையைப் பல்லால் கடித்து இழுத்தாள். அது வரவில்லை. தோலோடு தோலாக ஒட்டியிருந்தது.

"விட்டுடுக்கா," என்றான் பக்கத்திலிருந்தவன், மெல்ல.

"மாட்டேன்! மாட்டேன்!"

வலக்கை உறைக்குள், அவள் சுண்டுவிரலை வேறொரு விரல் பிடித்து நிமிர்த்தியது.

பிறகு, அடுத்த விரலை.