நிரூபணத்துக்கு அகப்படாதது

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவைத்தான் அந்த மருத்துவக் கருவி கம்பெனி ஆபீஸாக்கி வைத்திருந்தது. 2004 மே மாதம், நல்ல வெயிலில் போய் இறங்கினேன். உள்ளே நுழைந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டேன். செத்த எலியின் மேல் பினாயில் ஊற்றியதுபோல ஒரு வாடை.

மேசையில் ஒரு சிரிஞ்ச் பம்ப் இருந்தது. ஊசி மருந்தை ஒரு தள்ளுகோலால் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் தள்ளும் இயந்திரம். லட்சுமம்மா என்ற வயதான நோயாளிக்கு மொத்த மருந்தையும் ஒரே மூச்சில் தள்ளிக் கொன்றுவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்திருந்தது. அதன் இடுக்குகளில் பழுப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது. துடைக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

உள்ளே ஓடும் கணினி நிரல், தனக்கு ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எங்கேயாவது எழுதித் தொலைக்கிறதா? எழுதினால் மருந்தின் அளவே தாறுமாறாகிவிடும். சும்மா ஓட்டிப் பார்த்துச் சொல்வதல்ல என் வேலை. ஒருபோதும் தாண்டாது என்று கணித முறையில் நிரூபிக்க வேண்டும். நிரூபித்துவிட்டால் பம்ப் அதே வார்டுக்குத் திரும்பும்.

"திங்கக்கிழமை எங்க டாடிக்கு அதே வார்டுல ஆபரேஷன் பிரபா," என்றாள், பம்புகளைச் சோதிக்கும் பிரிஜெட். "எப்படியாச்சும் தப்பைக் கண்டுபிடிச்சிடு, ப்ளீஸ்."

வரி வரியாகத் தேடினேன். தப்பே இல்லை. நிரூபணம் சுத்தமாக முடிந்தது. ஒரு நிரூபணம் முடிந்ததற்காக நான் பயந்தது அன்றைக்குத்தான்.

அப்படியானால் லட்சுமம்மாவைக் கொன்றது எது?

"சூப்பர்! பேக் பண்ணிடலாம்," என்றார் மேனேஜர் சுந்தரராமன். அந்த நாற்றத்திலேயே உட்கார்ந்து வடையைப் பிட்டுத் தின்றுகொண்டு, எண்ணெய் விரலாலேயே பம்பைத் தட்டிக் கொடுத்தார். இப்படியும் ஒரு ஜென்மமா!

பிளக்கைப் பிடுங்கினேன். பேட்டரியையும் கழற்றினேன்.

தள்ளுகோல் நகர்ந்தது.

பின்னால்.

முன்னால் தள்ள மட்டுமே அந்த நிரலுக்குத் தெரியும். அதில் மாட்டியிருந்த காலி சிரிஞ்சுக்குள் காற்று ஏறவில்லை. கருப்பாக, கொழகொழவென்று, நரைமுடி கலந்து ஏதோ ஏறியது.

"மாதாவே..." பிரிஜெட் கிசுகிசுத்தாள்.

சுந்தரராமன் மென்றுகொண்டே வாசலைத் தாண்டி ஓடிவிட்டார். தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கி அந்தச் சனியனை நொறுக்கினேன். தெறித்தது என் உதட்டிலும் பிரிஜெட் கையிலும் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

திங்கட்கிழமை மதியம் பிரிஜெட் வார்டிலிருந்து போன் செய்தாள்.

"வேற கம்பெனி பம்ப்தான் போட்டாங்க. ஆபரேஷனும் நல்லா முடிஞ்சுது. இப்ப ஊசியக்கூட எடுத்தாச்சு."

"அப்புறம் ஏன்டி அழற?"

"டாடி கையில, தோலுக்கடியில என்னமோ நகருது பிரபா. கருப்பா. நெஞ்சப் பார்த்துப் போகுது."