பாதியில் பேர் போட்ட படம்

"படத்தோட பேரே பாதியிலதானே சார் வந்துச்சு! அதுக்கு முந்தியே தோணி கரைக்கு வந்து..."

"அதாங்க புதுப் பாணி. நீங்க வழக்கமான சினிமா பாத்துப் பழகி..."

"பாணியாவது பானையாவது! வந்து சேந்த தோணிக்கு அதுக்குப் பொறவு பாய்மரம் நடுதாக. ரீலை மாத்திப் போட்டுட்டீய, சார்!"

"டீச்சர், இது கலைப்படம். செத்த பொறுமையாப் பாக்கணும்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. தங்கபாய்க்கு முகம் சிவந்துவிட்டது.

எண்பத்தேழாம் வருஷத்து ஐப்பசி மழை. கடலே இல்லாத ராஜபாளையத்தில் ஃபிலிம் சொசைட்டிக்காரர்கள் கடல் படங்கள் போட்டார்கள். ப்ரொஜெக்டரை ஓட்டிய ராஜரத்தினம் பஞ்சாலையில் சூப்பர்வைசர். சண்டை பிடித்த தங்கபாய் தூத்துக்குடிக்காரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் சரித்திர டீச்சர். கூட வேலை பார்க்கும் ஆவுடையம்மாளைக் கெஞ்சி இழுத்து வந்திருந்தாள்.

எதற்கு? கொழும்புக்குப் போகும் தோணி ஒன்று திரும்பி வருவதை ஒரே ஒரு தரம் பார்க்கத்தான்... அவள் அப்பா தோணி ஓட்டிப் போனவர். போனவர்தான். அதன்பின் அம்மா அவளைக் கடற்கரைப் பக்கமே விட்டதில்லை.

இந்த மனுஷனோ வந்ததை முதலில் காட்டி, போவதில் முடித்துவிட்டான். திரையில் கடைசியாக நின்றது மறுபடியும் அதே வெறும் கடல்...

"எந்திரி ஆவுடை, போவோம்."

தாண்டிப் போகையில் அவனை ஒரு பார்வை பார்த்தாள். ராஜரத்தினம் திகைத்தான். இந்நேரம் வரை தீப்பொறி பறந்த கண்ணிலா இவ்வளவு தண்ணீர்...?

சட்டென்று ரீல் டப்பாக்களைப் புரட்டினான். மூடிகள் இரண்டும் மாறிக் கிடந்தன.

பின்னால் மதார் சாகிப் பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "காலமே பின்னால ஓடுது பாத்தீங்களா? ஆழமான படம்!"

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? தப்பென்று ஒத்துக்கொண்டால் நாளைக்கு ஊரே சிரிக்கும்... ஆனால் அந்தக் கண்?

"எல்லாரும் செத்த உக்காருங்க," என்றான் உரக்க. "புதுப் பாணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் ரீலை மாத்திப் போட்டுட்டேன். டீச்சர் சொன்னதுதான் சரி."

"அப்ப நான் ஆழம்னு சொன்னது?"

"அது உங்க ஆழம், ஐயா. படத்தோடது இல்ல."

சிரிப்பு அடங்குமுன் வாசலுக்கு ஓடினான். அவள் குடையை விரித்துவிட்டாள்.

"போயிராதீக, டீச்சர்... தோணி இன்னும் வரல."

குடை அப்படியே நின்றது.

"ஏட்டி, பஸ்ஸு போயிரும்!" என்றாள் ஆவுடையம்மாள்.

"அடுத்த பஸ்ஸு வரும், ஆவுடை."

மறுபடி விளக்கு அணைந்தது. தூரத்தில் ஒரு புள்ளி... புள்ளி பாயாக விரிந்தது. பாயில் தைத்திருந்த ஒட்டுத்துணியை வைத்தே தங்கள் தோணி என்று கண்டுகொண்ட பெண்கள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்கள். தங்கபாய் இமைக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

வாசலில் மழை தூறலாகியிருந்தது.

"அம்புட்டு முரண்டு பிடிச்சிட்டு, எதுக்கு சார் எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டீய?"

"நீங்க அழுதுக்கிட்டே போனீக... தாங்கல."

அவள் குடைக்கம்பியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா போன தோணி வரல, சார். போனது வரணும்... எனக்கு அம்புட்டுதான்."

"அந்தப் பயத்துலதான் பொண்ணு கேட்டு வாறவுகளையெல்லாம் விரட்டுதா இவ," என்று ஆவுடையம்மாள் போட்டு உடைத்தாள். "போற ஆம்பள திரும்பி வருவானா வருவானான்னே நெனப்பு!"

"ஏட்டி, வாய மூடு!"

பஸ் வந்து நின்று உறுமியது. ஆவுடையம்மாள் ஏறிவிட்டாள். தங்கபாய் படியில் கால் வைத்தவள், ஏறாமல் திரும்பிப் பார்த்தாள். தூறலில் நனைந்தபடி நின்றான் அவன்.

"நான் மில்லுக்குப் போறவன், டீச்சர். சங்கு ஊதுனா நேரே வீட்டுக்குத்தான் வருவேன்... இப்படி ஒரு ஆளு போதுமா உங்களுக்கு?"