ஆக்சிலேட்டரில் கால் இல்லை

அந்த அலறலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

கார் ஷெட்டின் ஷட்டர் அப்போதுதான் மேலே ஏறியிருந்தது. உள்ளிருந்து குபுகுபுவென்று புகை. புகைக்கு நடுவில் ஒரு பழைய கார். சாய்த்துப் போட்ட டிரைவர் சீட்டில் வீட்டுக்காரர்.

ஒரு கம்பெனியில் மேனேஜர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான்.

மூச்சு இல்லை...

போலீஸ் ஜீப் வாசலுக்கு வந்து, உடம்பை ஒரு குலுக்கு குலுக்கி, தானாகவே அணைந்தது. பெண் இன்ஸ்பெக்டர் இறங்கினாள். பின்னால் ஏட்டு இறங்கினார். அந்த ஜீப்பைத் தள்ளித் தள்ளியே அவருக்குத் தொப்பை கரைந்திருந்தது.

"யார் முதல்ல பார்த்தது?"

"நான்தான் மேடம்." மனைவி சுவரில் சாய்ந்திருந்தாள். அவளைத் தாங்கிப் பிடித்திருந்தான் அவள் தம்பி. எலக்ட்ரீசியன். அவள் தொடர்ந்தாள். "தினம் காலையில எஞ்சினை ஓடவிட்டுட்டு, சீட்டைச் சாய்ச்சு, பாட்டுக் கேட்டுட்டே படுத்திருப்பாரு. இன்னிக்கு ஷட்டர் எப்படியோ இறங்கிடுச்சு. நான் பின்னால துணி துவைச்சிட்டிருந்தேன்..."

"நீங்க பார்த்தப்ப எஞ்சின் ஓடிட்டிருந்ததா?"

"ஓடிட்டுதான் இருந்தது. நான்தான் சாவியைத் திருப்பி நிறுத்தினேன்."

"எனக்கும் சத்தம் கேட்டுது," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "ரொம்ப நேரம் ஓடிச்சு மேடம். இன்னிக்கு என்ன இவ்வளவு சமர்த்தா ஓடுதேன்னுகூட நினைச்சேன்."

இன்ஸ்பெக்டர் திரும்பினாள்.

"மத்த நாள்ல?"

"விக்கி விக்கி ஓடும். இவர் கத்துற கத்துல எங்க வீட்டு ஜன்னல் அதிரும்."

விபத்து என்று எழுதி முடித்துவிடலாம். ஏட்டு பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். ஆனால் இன்ஸ்பெக்டருக்கு உள்ளுக்குள் என்னவோ நமநமவென்றது.

உடலை எடுப்பதற்கு முன் ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். செருப்பு கீழே ஜோடியாக இருந்தது. கால்கள் இரண்டும் மடங்கி சீட்டின்மேல் இருந்தன.

ஆம்புலன்ஸ் போனது. அவள் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

கர்ர்... கர்ர்... கர்ர்...

பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. ஒருவழியாகப் பிடித்தது. கார் முழுக்க ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். பொசுக்கென்று நின்றது.

"நம்ம ஜீப்போட கூடப்பொறந்தது போல மேடம்," என்றார் ஏட்டு.

"அதான்யா உறுத்துது. கால் வச்சாத்தான் இது ஓடும். செத்தவர் காலு ரெண்டும் சீட்டு மேல இருந்துச்சு. அப்ப அவ்வளவு நேரம் எப்படி ஓடிச்சு?"

ஏட்டு பேனாவை மூடினார்.

ஏட்டை உள்ளே உட்காரவைத்து, ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடிக்கச் சொன்னாள். பானெட்டைத் திறந்தாள். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ப்ளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினாள். ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் எஞ்சின் மேலும் திணறியது.

"நாலு ப்ளக்கும் ஒழுங்கா வேலை செய்யுது. வியாதி வேற எங்கேயோ."

குனிந்தாள். காது கொடுத்தாள்.

ஸ்ஸ்ஸ்...

கையை உள்ளே விட்டுத் துழாவினாள். வெளியே எடுத்தபோது விரலில் பிசுபிசுவென்று பசை.

"உள்ள ஒரு குழாய் வெடிச்சு காத்தை இழுக்குது. அதுல யாரோ டேப் சுத்தியிருக்காங்க. வண்டி சமர்த்தா ஓடியிருக்கு. ஆள் செத்ததும் டேப்பை உரிச்சாச்சு. கைரேகை மாட்டிக்கும்ல... அதிபுத்திசாலி. உரிக்காம விட்டிருந்தா நான் இந்நேரம் கிளம்பியிருப்பேன்."

அவள் பார்வை தம்பியின் சட்டைப் பையில் நின்றது. வட்டமாகப் புடைத்திருந்தது.

"என்னப்பா அது?"

எடுத்துக் காட்டினான். கறுப்பு டேப்.

"எலக்ட்ரீசியன் மேடம். டேப் இல்லாம எப்படி?"

"மாமாவோட ஏதாவது தகராறா?"

"அக்காவை அடிப்பாரு. ஏன்னு கேட்டேன்." டேப்பைப் பைக்குள் திணித்தான். "இன்னொரு தடவை கை வச்சா சும்மா விடமாட்டேன்னு சொன்னேன். அவ்வளவுதான் மேடம்."

"எல்லாரும் அவ்வளவுதான்னுதான் சொல்வாங்க. ஏட்டய்யா, விலங்கை எடுங்க."

"மேடம், அவனை விடுங்க." மனைவி முன்னால் வந்தாள். "அவனுக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. எந்தக் குழாய்னு கேட்டுப் பாருங்க."

"காட்டுப்பா."

தம்பி ரேடியேட்டர் தண்ணீர்க் குழாயைக் காட்டினான்.

"நல்லா நடிக்கிறே," என்றாள் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு விலங்கோடு காரைவிட்டு இறங்கினார். மிதித்திருந்த கால் போனதும் எஞ்சின் விக்கியது. குலுங்கியது. நிற்கப்போகிறது...

தம்பியின் மணிக்கட்டில் இரும்பு பட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அக்காவால் முடியவில்லை.

பாய்ந்தாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை. கை நேராக உள்ளே போனது.

ஸ்ஸ்ஸ் சத்தம் அடங்கியது. விக்கல் நின்றது.

ஆக்சிலேட்டரில் கால் இல்லை. கார் ஓடிக்கொண்டிருந்தது.

"இதான் மேடம் அந்த இடம்," என்றாள். "அவனுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். தினம் அவர் உள்ள உட்கார்ந்து சாவியைத் திருப்புவாரு. நான் இங்க நின்னு விரலால அடைச்சுப் பிடிக்கணும். கை நழுவினா அடி. மெக்கானிக்கிட்ட விடலாம்னு எத்தனையோ தடவை சொன்னேன். 'நீ எதுக்கு இருக்கே'ம்பாரு."

இன்ஸ்பெக்டர் அந்த விரலைப் பார்த்தாள். நுனியில் தோல் வெந்து வெந்து தடித்திருந்தது.

"அவர் எழுந்திருக்காம இருக்க, காபியில தூக்க மாத்திரையா?"

"ஆமா. ஷட்டரை இறக்கினதும் நான்தான். டேப்பை இவன் பையில இருந்து எடுத்து, திரும்ப வச்சிட்டேன். இவன் தலையில விடியும்னு நினைக்கலையே..."

"அக்கா..." தம்பி சின்னக் குழந்தையாக அழுதான். ஆனாலும் விலங்கு கை மாறியது.

அக்காவை ஜீப்பின் பின் சீட்டில் ஏற்றினார்கள். இன்ஸ்பெக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சாவியைத் திருப்பினாள்.

கர்ர்... கர்ர்... கர்ர்...

ஏட்டு பழக்கதோஷத்தில் தள்ளுவதற்கு இறங்கினார்.

"தள்ள வேணாம். பானெட்டைத் திறங்க," என்றது பின் சீட்டுக் குரல். "இதுக்கும் அதே வியாதிதான். வரும்போதே சத்தத்துல தெரிஞ்சிடுச்சு."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தாள். "விலங்கைக் கழட்டிவிட்டா, வந்து பிடிக்கிறீங்களா?"

"நான் எதுக்கு? ஏட்டய்யாவைப் பிடிக்கச் சொல்லுங்க மேடம். இன்னிக்காவது நான் உட்கார்ந்துட்டு வரேன்."